அம்மை இறங்கும் வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் இருந்தவர்களில் சிலருக்கேனும் நினைவிருக்கும். ஆர்.எஸ். புரம் அன்னபூர்ணாவில் காலை டிபன் கூட்டம் கரைந்து, மேசை துடைக்கிற பையன்கள் சற்று மூச்சு விடுகிற பத்தரை மணி வாக்கில், ஓரத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருப்பார்கள், காபி ஆறிப்போயிருக்கும், அந்தம்மாவின் துணிப்பையிலிருந்து கைக்குழந்தைக்கான கம்பளிச் சட்டையின் கை ஒன்று வெளியே தெரியும், குழந்தை மட்டும் இருக்காது. ஊட்டிக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கை கழுவப் போயிருப்பீர்கள். நான் பார்த்த வேலை வேறாக இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கல்லூரி முடித்த கையோடு கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்திருந்தேன். கிணற்றுத் தண்ணீர்த் தகராறு, பாகப்பிரிவினை, செக் கேஸ் என்று ஓடிக்கொண்டிருந்த அந்த ஆபீசுக்கு எப்போதாவது வேறு வகையான ஒரு கட்டு வரும். மேலே ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ என்று எழுதியிருக்கும். உள்ளே டென்மார்க், சுவீடன், இத்தாலி என்று எங்கெங்கோ உள்ள ஊர்களிலிருந்து வந்த திருமணச் சான்றிதழ், சம்பளச் சான்றிதழ், பனி மூடிய ஒரு வீட்டின் புகைப்படம், சுவரில் முயல் படம் ஒட்டித் தயாராக வைத்திருந்த ஒரு சின்ன அறையின் புகைப்படம். எல்லாவற்றுக்கும் அடியில், நம் பக்கத்துக் குழந்தை ஒன்றின் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. ரெமிங்டன் மெஷினில் மூன்று கார்பன் தாள் வைத்து அந்த மனுக்களை அடிக்கும்போது, தவறு விழாமல் இருக்க வேண்டுமே என்று எழுத்து எழுத்தாக அடிப்பேன். நிலத் தகராறுக்கு அவ்வளவு பயந்ததில்லை.

1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமானது; வெளிநாட்டவர் இங்கே வைத்துத் தத்தெடுக்க அன்று சட்டமே கிடையாது. ஆகவே அவர்கள் 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி ஜில்லா கோர்ட்டில் குழந்தைக்குக் காப்பாளர் என்று ஓர் ஆணை வாங்கிக்கொண்டு, கூட்டிப்போய், தங்கள் நாட்டுச் சட்டப்படி அங்கே தத்தெடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு ஒழுங்கு வந்ததே ஒரு கடிதத்தால்தான். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி விரிவான தீர்ப்பு ஒன்று கொடுத்தார். முதலில் இந்த நாட்டிலேயே பெற்றோர் கிடைக்கிறார்களா என்று தேட வேண்டும், பெற்றவளை நெருக்கி எழுதி வாங்கக் கூடாது, குழந்தை நல அமைப்பு ஒன்று காகிதங்களைச் சரிபார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். எங்கள் வக்கீல் ஐயா அந்தத் தீர்ப்பின் நகலில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டு வரும்போதும் ‘அதை எடுங்க தம்பி’ என்பார். தெரிந்ததையே மறுபடி படிப்பார்.

பெற்றவள் எழுதிக் கொடுத்த பத்திரமும் சில கட்டுகளில் இருக்கும். படிக்கத் தெரியாதவளுக்குப் படித்துக் காட்டப்பட்டது என்று ஒரு வரி, அதன் கீழே இடது பெருவிரல் ரேகை. சில கட்டுகளில் அதுவும் இருக்காது. குழந்தை கிடைத்த இடமும் தேதியும் மட்டும் இருக்கும். சேலம் பக்கம் பெண் சிசுக்களைக் கொல்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த காலம். 1992-ல் அரசு அங்கேதான் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மை ரேகையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்: இந்தக் கட்டில் எல்லாருக்கும் பேர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, வீட்டுப் படம் இருக்கிறது, இவள் ஒருத்திக்குத்தான் எதுவும் இல்லை.

வெளிநாட்டுப் பெற்றோர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. துணைக்கு ஆளை ஏற்பாடு செய்து குழந்தையை விமானத்தில் வரவழைத்துக்கொண்டவர்களும் உண்டு. வந்தவர்கள், வர வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள். அப்படி 1993 சித்திரையில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆணை கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் அந்நாளில் திருச்சியிலிருந்து வர வேண்டும், அதுவும் வந்துவிட்டது. பம்பாய் வழியாக விமானம் பிடித்து, பீளமேட்டில் இறங்கி, மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு பூவும் பொம்மையுமாகக் காப்பகத்து வாசலுக்குப் போய் நின்றால், கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உள்ளே அம்மை. முதலில் ஒரு குழந்தைக்குக் கண்டு, பிறகு இவர்களுடைய குழந்தைக்கும் கண்டுவிட்டிருந்தது. ஆயா கதவை முழுக்கத் திறக்காமலே சொன்னார்: “சாமி வெளையாட வந்திருக்குதுங்க. மூணு தண்ணி ஊத்தட்டும், பொறவு வாங்க. இப்ப யாரும் உள்ள வரப்படாது.” அதை நான் இங்கிலீஷில் எப்படியோ சொன்னேன். அந்தம்மா கையிலிருந்த பொம்மையை ஆயாவிடம் நீட்டினார். ஆயா அதைக்கூட வாங்கவில்லை.

வக்கீல் ஐயா கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். “ஒரம்பரை வந்த சனம். ரூமுக்குள்ளயே உக்காந்து வெசனப்பட்டுட்டு இருக்க வேண்டாம். கார் சொல்றேன், ஊரைச் சுத்திக் காட்டுங்க தம்பி” என்றார். அப்படித்தான் ஓர் அம்பாசிடரும், அதன் டிரைவர் அண்ணனும், இங்கிலீஷ் பேசக் கிடைத்த சந்தோஷத்தில் நானுமாக ஊர் காட்டப் புறப்பட்டோம்.

அன்றைய கோவையை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் இரண்டு பக்கமும் மரங்கள் நின்று மேலே கை கோத்திருந்த காலம். சித்திரை வெயிலிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்காலமானால் தவறாமல் வந்துவிடும். மில் சங்கு ஊதினால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிற வீடுகள் இருந்தன. மூன்று ஷிப்டுக்கும் ஊதும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் அந்தம்மா முதல் நாள் இரவு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், ஏதோ அபாயம் என்று. விவரம் சொன்னதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எத்தனை மணிக்கெல்லாம் ஊதும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். “அப்படியென்றால் எங்கள் மகளும் தினமும் இதைக் கேட்டுத்தான் தூங்குகிறாள், எழுகிறாள், இல்லையா?” என்றார். கேட்டதும் எழுந்து ஓட வேண்டிய சங்கு அது எனக்கு. அது ஒரு குழந்தைக்குத் தாய்வீட்டுச் சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து அவர்கள் பார்த்ததெல்லாம் அப்படித்தான் இருந்தது. காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். 1902-ல் தொடங்கியது, வெள்ளைக்கார வன அதிகாரியின் பெயரில் இருக்கிறது, ரசிப்பார்கள் என்று நினைத்தேன். பாடம் செய்த விலங்குகளை மரியாதைக்குப் பார்த்துவிட்டு, வெளியே மரத்தடியில் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு தாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். என்ன சோறு, எத்தனை மாதத்தில் ஊட்டத் தொடங்குவீர்கள், பருப்பு சேர்ப்பீர்களா? நோட்டில் ஏறியது அரிசிம்பருப்புச் சோறு. வ.உ.சி. பூங்காவில் மிருகங்களைவிட அவற்றைப் பார்க்கிற குழந்தைகளின் முகத்தைத்தான் அந்த ஐயா படமெடுத்தார். அதுவும் எண்ணி எண்ணி. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தானே, குழந்தை கைக்கு வருகிற நாளுக்கு மீதி வைக்க வேண்டும். சாயங்காலம் கிராஸ்கட் ரோட்டில் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, ஊரில் இருக்கிற தன் அம்மாவிடம் அந்தம்மா பேசுவார். என்ன பேசினார் என்று எனக்குப் புரியாது. ‘பேரூர்’ என்ற சொல் மட்டும் நடுவில் கேட்டது.

பேரூர் அவர்களை அப்படிப் பிடித்துக்கொண்டது. கனகசபையின் சிற்பத் தூண்களுக்காகத்தான் அங்கே கூட்டிப்போனேன். கல்லில் இவ்வளவு நுணுக்கமா என்று வாய்பிளப்பார்கள் என்று. அவர்களை நிறுத்தியது டிரைவர் அண்ணன் சொன்ன பட்டீசுவரர் கதை. காமதேனுவின் கன்று பட்டி, விளையாட்டாகப் புற்றை மிதித்துவிட, உள்ளே இருந்த சிவன் தலையில் குளம்பு பதிந்துபோயிற்று. தாய் பதறி அழுதாள். சிவனோ, உமையின் வளைத் தழும்பை ஏற்றுக்கொண்டதுபோல் இந்தக் கன்றின் காலடியையும் ஏற்றுக்கொண்டேன் என்றார். அந்தத் தழும்பு இன்றும் லிங்கத்தில் இருக்கிறது என்பது ஐதீகம். அண்ணன் கொங்குத் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொல்ல, அந்தம்மா டேனிஷில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் “இன்னொரு முறை” என்றார். மறுபடியும் சொன்னோம்.

கோயில் பக்கத்தில் ‘பிறவாப் புளி’ என்று ஒரு புளியமரம் உண்டு, தெரியும்தானே? அதன் விதை முளைக்காது என்பார்கள். இங்கே வழிபட்டவர்க்கு மறுபிறவி இல்லை என்பதற்கு அடையாளமாம். அதைக் காட்டலாம் என்று நான் திரும்பியபோது அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “முளைக்காத வெதையை எதுக்குத் தம்பி இவங்களுக்குக் காட்டிக்கிட்டு? அக்கட்ட போலாம், வாங்க.” எட்டாவது படித்த மனிதர். எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன், அவ்வளவு நாசூக்கை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

மலை ரயிலைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிற அந்தத் தடத்தில் ஓடிய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அதுவரை அதிகம் பேசாத அந்த ஐயா அதைத் தெரிந்துகொண்டதும் சிறுபிள்ளையாகிவிட்டார். வண்டி தண்ணீர் குடிக்க நின்ற இடத்திலெல்லாம் இறங்கி ஓடி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். அப்படி ஒரு நிறுத்தத்தில்தான், எதிர் சீட்டில் இருந்த அன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத இந்த அம்மாவின் மடியில் தன் குழந்தையைப் போட்டு, “சித்தெ புடிச்சுக்குங்க, மூத்தவனைத் தண்ணி குடிக்கக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தர்றேன்” என்று இறங்கிப் போய்விட்டாள். நம் பஸ்ஸிலும் ரயிலிலும் அன்று அது சாதாரணம். உங்களையும் என்னையும் அப்படி எத்தனை மடிகளில் போட்டிருப்பார்கள்! அந்தம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். குழந்தை அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்ட பிறகும் அந்தக் கைகள் சற்று நேரம் மடித்தபடியே இருந்தன.

அன்று இரவே அண்ணன் வீட்டில் பேச்சு நடந்திருக்க வேண்டும். மறுநாள் காலை காரை நேராக வடவள்ளிக்கு விட்டார். வீட்டுப் பின்கட்டில் செம்பு அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு ஐந்து மாதம். அக்கா, அதாவது அண்ணன் சம்சாரம், அந்தம்மாவைப் பலகையில் உட்காரவைத்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு காலையும் நீட்டச் சொன்னார். அதன் மேல் பேரனைக் குப்புறப் போட்டார். தேங்காயெண்ணெய் முதுகுக்கு, விளக்கெண்ணெய் உச்சிக்கு, பச்சைப்பயறு மாவு, பிறகு வெந்நீர். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணை கட்டிக்கொள்ள வேண்டும், கண்ணில் இறங்கக் கூடாது. குழந்தை அலறியது. அந்தம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். “அழுவட்டும் உடுங்க, அழுதாத்தான் நெஞ்சு விரியும்” என்றார் அக்கா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கையைப் பிடித்து ஊற்ற வைத்தார். பிறகு சாம்பிராணிப் புகை, வசம்பு, கன்னத்தில் மைப்பொட்டு, உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டில். குழந்தை தூங்கியதும் காப்பி குடித்தபடி, வசம்பை எப்படிச் சுட்டு உரைப்பது என்று ஒரு பாடம். அத்தனையும் நோட்டில் படமாகவே வரைந்துகொண்டார். கிளம்பும்போது அக்கா வசம்பு ஒரு துண்டும், மைச்சிமிழும், பழைய நூல்சேலை ஒன்றும் சுற்றிக் கொடுத்தார். “புதுசுல தொட்டல் கட்டாதீங்க, ஒடம்பை அறுக்கும்” என்று சொல்லச் சொன்னார்; சொன்னேன்.

தண்டுமாரியம்மனுக்குத் தீச்சட்டி போன அன்று அவர்களும் உப்பிலிபாளையத்துக் கூட்டத்தில் நின்றார்கள். மூன்று தண்ணியும் ஊற்றியாயிற்று என்று தகவல் வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்ட நேரத்தை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. அது அவர்கள் மூவருக்குமான நேரம், வராந்தாவிலேயே நின்றுகொண்டேன். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது குழந்தை முகத்தில் வடு இன்னும் ஆறியிருக்கவில்லை. கன்னத்தில் மைப்பொட்டு இருந்தது.

அதற்குப் பின் எல்லாம் மாறியது. மாற வேண்டியும் இருந்தது. 1993-ல் உருவான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. 2005-ல் சென்னையில், கடத்தப்பட்ட குழந்தைகளைப் போலிக் காகிதங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பியது வெளிவந்தபோது, நான் டைப் அடித்த கட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் புரட்டினேன். எங்கள் வக்கீல் ஐயாவின் சிவப்புப் பென்சிலை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரு ரேகையைப் பார்த்து அது யார் விரல், எந்த மனநிலையில் வைத்தது என்று எந்தக் குமாஸ்தாவால் சொல்ல முடியும்? இன்று ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் எல்லாவற்றையும் கணினி வழியே நடத்துகிறது. எழுதிக் கொடுத்த தாய்க்கு மனம் மாற அறுபது நாள் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து ஆணை கொடுப்பது கோர்ட் இல்லை, மாவட்ட ஆட்சியர். நெதர்லாந்தில் பழைய தத்தெடுப்புகளை ஆராய்ந்த குழு, இலங்கை உள்பட ஐந்து நாடுகளில் நடந்த முறைகேடுகளை 2021-ல் சொன்னதும் அந்த நாடு கதவை மூடியது. டென்மார்க்கில் இந்த வேலையைச் செய்துவந்த ஒரே அமைப்பு 2024 ஜனவரியில் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. வடவள்ளிப் பின்கட்டு நினைவுக்கு வந்தது எனக்கு. நிறுத்தியது நியாயம் என்றும் தோன்றியது, ஏதோ போய்விட்டதே என்றும் இருந்தது. இரண்டுமே உண்மை.

நம் பக்கம் மாறியதையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் ஒருவரைப் பார்த்தால் ஊர் கேட்ட கையோடு ‘எந்தக் கூட்டம்?’ என்று கேட்பார்கள். அன்று பிள்ளையில்லாத வீட்டில் தத்து என்ற பேச்சு வந்தால் பங்காளி வீட்டுப் பிள்ளையோடு அது நிற்கும். காப்பகத்துக் குழந்தைக்குக் கூட்டம் ஏது, குலதெய்வம் ஏது என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பத்து மைல் தள்ளி இருந்தவர்கள் வேண்டாம் என்ற குழந்தையைத் தேடிக் கடல் தாண்டி வந்தார்கள். இன்று அதே வீடுகளின் பேரன்கள் கணினியில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். 2024-25-ல் இந்தியாவில் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தன. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி, மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, இன்ன கூட்டம் என்று சொல்லிக்கொள்கிற குழந்தைகளாக அவை வளர்கின்றன.

அந்த டென்மார்க்குக் குழந்தை, முப்பது வயதுப் பெண்ணாக, சில ஆண்டுகளுக்கு முன் கோவைக்கு வந்தாள். வேர் தேடல் என்று இப்போது விதிகளிலேயே இடமிருக்கிறது. ஆனால் அவள் கோப்பில் கிடைத்த இடமும் தேதியும்தான் இருந்தன, அதற்கு மேல் போக வழியில்லை. அவளிடம் இருந்தது அம்மாவின் நோட்டுப் புத்தகம். என் பெயரும் பழைய ஆபீஸ் விலாசமும் அதில் இருக்க, விசாரித்து விசாரித்து வந்துவிட்டாள். எழுதியிருக்கிற வரிசையிலேயே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றாள்.

முதல் பக்கத்திலேயே மில் சங்கு. அதை எங்கே போய்க் கேட்பது? அவிநாசி சாலையில் லட்சுமி மில் வளாகம் இன்று உணவகமும் கடையுமாக விளக்கெரிகிறது. அங்கே உட்கார்ந்து, எந்தெந்த நேரத்துக்கு எப்படி ஊதும் என்று வாயால் ஊதிக் காட்டினேன். வ.உ.சி. பூங்காவின் மிருகக் காட்சிக்கு 2022-ல் உரிமம் ரத்தாகிவிட்டது. மேட்டுப்பாளையம் சாலையின் மரங்கள் அகலப்படுத்தியதில் போயின. ஐ.எஸ்.டி. பூத் என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டியிருந்தது. மலை ரயில் மட்டும், 2005-ல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்த பெருமையோடு, அதே வேகத்தில் ஏறிற்று. பட்டீசுவரர் கதையை அவள் எனக்குச் சொன்னாள், அவள் அம்மா தூங்க வைக்கும்போது சொல்கிற கதையாம் அது. கன்றின் பெயரைத் தப்பில்லாமல் ‘பட்டி’ என்றாள்.

நோட்டில் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் என்று பேரூரில் வைத்துத்தான் கேட்டாள். பிறவாப் புளியைக் காட்டினேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள், அந்த மரத்தோடு ஒரு படம் எடுத்து, உடனே அம்மாவுக்கு அனுப்பினாள்.

அண்ணன் காலமாகிவிட்டார். அக்கா இருக்கிறார், கண் மங்கிவிட்டது. விவரம் சொன்னதும் அவளை அருகில் உட்காரவைத்து, முகத்தைக் கையால் தடவி, நெற்றியோரம் இருந்த அம்மை வடுவைக் கண்டுபிடித்துவிட்டார். “உங்கம்மாளுக்கு நாந்தான் கண்ணு தண்ணி வாக்கச் சொல்லிக் குடுத்தன். ஒழுங்கா ஊத்துனாளா?” என்றார். நான் கேட்டுச் சொல்வதற்குள் அவள் தன் தலையை அவர் மடிக்குக் கொண்டுபோயிருந்தாள். எண்ணெய்க் கிண்ணம் கேட்டார் அக்கா. அரை மணி நேரம் அந்த உச்சியில் எண்ணெய் வைத்தார்.

இப்போது காத்திருப்பது என் கூடப்பிறந்த அக்காவின் மகள். டெக்சாசில் இருக்கிறாள், வருஷக்கணக்கில் வரிசையில் நின்று, நம் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்தே குழந்தை ஒதுக்கீடாகி, ஆட்சியர் ஆணையும் வந்து, கூட்டிப்போக நேரில் வந்திருக்கிறாள். பாஸ்போர்ட் கைக்கு வரத் தாமதம். இடைப்பட்ட நாட்களில் பிறந்த ஊரிலேயே அவளும் மாப்பிள்ளையும் ஊர் பார்க்கிறார்கள்: வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 112 அடி ஆதியோகி, பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு எழும்பிய ஜி.டி. நாயுடு மேம்பாலம். குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது, எல்லாமே போனில் படமாக வந்துவிடுகிறது. கதவில் வேப்பிலை பார்த்துத் திரும்புகிற துயரம் அவளுக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் படம் அவளுக்குச் சொல்லாத சிலது இருக்கிறது. அந்த வாசலில் காலையில் என்ன சத்தம் கேட்கும், ஆயா எந்தப் பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார், சோற்றில் நெய் விடுகிறார்களா? இதையெல்லாம் நீதான் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் கண்ணு, முப்பது வருஷம் கழித்து ஒருத்தி வந்து வரிசையாகக் கேட்பாள் என்றேன். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். “போன்லயே எழுதிக்கிறேன் மாமா” என்றவள், மறுநாள் ஆயாவிடம் கேட்டுவந்த தாலாட்டை நோட்டில்தான் எழுதியிருந்தாள்; அடுத்த பக்கத்தில் சிறுவாணித் தண்ணீர், அரிசிம்பருப்பு, காப்பகத்துக்குப் பின்னால் இருக்கிற முருங்கைமரம்.

நேற்று என் அக்கா வீட்டில் அண்டாவுக்கு இடமில்லாத பாத்ரூமில், கீசர் தண்ணீரில், பக்கத்து பிளாட்டுக் குழந்தையை வைத்துப் பாடம் நடந்தது. மகள் ஒருமுறை ஊற்றி முடித்ததும் மாப்பிள்ளை “எனக்கும் சொல்லிக் குடுங்க அத்தை” என்று வேட்டியை மடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் அப்பாறு காலத்தில் ஓர் ஆண்பிள்ளை அந்தப் பலகையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குழந்தை வழக்கம்போல் வீறிட்டது, மகள் போனை எடுத்தாள், அக்கா அதைத் தட்டிவிட்டு, “படம் அப்பறம் எடுக்கலாம், நீ அந்தக் கோப்பையைக் கொண்டா. மாப்பிள்ளை, முட்டி ரெண்டையும் சேத்து வைங்க, நடுவால நழுவிப் போயிரும். நெம்ப சூடு வேண்டாம். ம், இப்ப ஊத்துங்க” என்றார்.